ஊர்க்கதை கேட்ட ஆறு ஞாயிறுகள்

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்கள், ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைக்கும் வழக்கத்தை அறிவார்கள். வெல்லம் நீரில் கரைவதுபோல் பிணி கரைய வேண்டும் என்பது பிரார்த்தனை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சேவித்து முடித்து அந்தக் குளத்துப் படியில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு வீடு திரும்புவது என் வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு ஆனி அமாவாசையன்று எனக்கு இரண்டு படி கீழே ஒரு மூதாட்டியும் அவருடைய பேரனும் அமர்ந்திருந்தார்கள். பையனுக்குப் பத்து வயதிருக்கும். பாட்டி சாலிஹோத்திர முனிவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓராண்டு உபவாசமிருந்த முனிவர் தை அமாவாசையன்று மாவைத் திருவமுதாகப் படைத்து அதிதிக்குக் காத்திருந்தார். கிழவர் வடிவில் வந்த பெருமாள் அதனை உண்டு, பசி தீராமல் முனிவரின் பங்கையும் உண்டு, பின்பு படுத்துக்கொள்ள ‘எவ்வுள்?’ என்று கேட்டார். அதனால்தான் இத்தலம் திருவெவ்வுள் ஆயிற்று. பாட்டி இதையெல்லாம் கோவையாகச் சொல்லி முடித்ததும் பையன் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்போ நம்ம வீடு எங்க இருந்துச்சு பாட்டி?”

பாட்டி சிரித்துவிட்டார். “நம்ம வீடு எல்லாம் அப்புறமா வந்துச்சுடா கண்ணா. உங்க கொள்ளுத்தாத்தா காலத்துல அமாவாசைக்கு முதநாளே வண்டி கட்டிக்கிட்டு ஜனங்க வந்துடுவாங்க. நம்ம திண்ணையில இருபது பேரு படுத்திருப்பாங்க. விடியக்காலம் எழுந்து பார்த்தா, தெரு முழுக்க மாடு கட்டியிருக்கும்.” பையனின் கையில் கைப்பேசி இருந்தது. அதனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “மாடு முட்டாதா?” என்று கேட்டான். அதன்பின் அரைமணி நேரம் அந்தத் திண்ணையின் கதை நடந்தது. வேறு வேலை இல்லாததால் நானும் கேட்டேன். சேவிக்க வந்தவர்களுக்கு விடியற்காலையில் நீர்மோர் கொடுத்தது யார், கிணற்றில் இறைத்த வாளி எத்தனை, அந்தத் திண்ணை எப்போது இடிக்கப்பட்டது என்று பலவும் தெரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். இவற்றில் ஒன்றையும் அதுவரை அறிந்தவனில்லை.

இந்தச் சிறு நிகழ்ச்சிதான் நாங்கள் சிலர் கூடி ஒரு காரியத்தைத் தொடங்குவதற்குக் காரணமாயிற்று. அதைப்பற்றித்தான் இக்கட்டுரை.

சென்னையில் ஆகஸ்ட் மாதந்தோறும் நடைபெறும் சென்னை வாரத்தைப்பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், இன்று கோட்டை இருக்கும் கடற்கரை மணல்திட்டு ஆங்கிலக் கும்பினியாருக்குக் கொடுக்கப்பட்டதை அந்நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004ஆம் ஆண்டு முதல் இது கொண்டாடப்படுகிறது. நகர வரலாற்றை எழுதுவதையே பிற்கால வாழ்வின் பணியாகக் கொண்டிருந்த எஸ். முத்தையா அவர்களும், பத்திரிகையாளர்களான சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோரும் இதனைத் தொடங்கினார்கள். முத்தையா 2019இல் காலமானார். அரசாங்கத்தின் ஆணையோ பெரிய நிதியோ இல்லாமல் தொடங்கிய இந்தக் கொண்டாட்டம், ஒருநாள் என்பது வாரமாகி, வாரம் என்பது மாதமாக நீண்டுவிட்டது. யாருக்கு எது தெரியுமோ அதை அவரவர் இருக்கும் இடத்தில் சொல்லலாம். தெருவைச் சுற்றிக் காட்டலாம். பழைய படங்களைச் சுவரில் மாட்டலாம். பணியிலிருந்த நாட்களில் மயிலாப்பூரில் ஓர் உரைக்கு நான் சென்றிருக்கிறேன். பேசியவரைவிடக் கேட்க வந்த முதியவர்கள் எழுந்து எழுந்து சொன்னவைதான் இன்றும் நினைவில் நிற்கின்றன.

இது நமக்குப் புதிதன்று. தொண்டை நாட்டில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கம் நாள்கணக்கில் நடப்பதை நாமெல்லாம் சிறுவயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கேட்டவர்கள்தாம். தலபுராணம் வாசிப்பது, உபந்நியாசம், கதாகாலட்சேபம் எல்லாம் மண்டபத்தில் கூடிக் கதை கேட்கும் மரபுதான். அந்த மண்டபத்திலேயே ஊரின் கதையையும் ஏன் சொல்லக்கூடாது என்று நாங்கள் நால்வர் பேசிக்கொண்டோம். எங்கள் தெருக்கோயிலின் அறங்காவலர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: அரசியல் பேசக்கூடாது, சாயரட்சைக்குள் முடித்துவிட வேண்டும். ஆடி பிறந்தபின் வந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை நான்கு மணி முதல் ஐந்தரை மணி வரை என்று ஏற்பாடாயிற்று. ஆடியில் கல்யாணங்கள் இல்லை. ஆகையால் பந்தல்காரரின் நாற்காலிகள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. கணக்குப் புத்தகம் என்னிடம் இருந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் ஞாயிறு பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களில் சிலர் சுண்டலுக்காக வந்தவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பேசினார். சென்னை வாரத்தைப்பற்றித் தொடங்கிய அவர், நகரத்தின் பிறந்தநாள் கதையில் பாதி நம் மாவட்டத்தின் கதை என்று சொன்னபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்னது இதுதான். மணல்திட்டைக் கொடுத்தவர் தாமர்லா வேங்கடாத்திரி நாயக்கர். அவருடைய சகோதரர் ஐயப்ப நாயக்கர் இருந்து ஆண்டது பூவிருந்தவல்லி. நாம் திருக்கச்சி நம்பிகளின் அவதாரத் தலமாகச் சேவிக்கும் அதே ஊர். அவர்களுடைய தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால்தான் சென்னப்பட்டினம் என்று பெயரிடப்பட்டது. ஆங்கிலேயர் அந்த மணல்திட்டைத் தேடி வந்ததற்கும் காரணம் நம் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் முன்பே வந்து, 1613இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டித் துணி வாணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். அவர்களோடு ஒரே துறையில் பிழைக்க முடியாத ஆங்கிலேயர் வடக்கே ஆர்மகானில் சில ஆண்டுகள் இருந்து பார்த்து, அதுவும் சரிப்படாமல் தெற்கே இடம் தேடினார்கள். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை இன்று மீன்பிடி கிராமமாகவே இருந்திருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். அது ஊகம், இருந்தாலும் சபை அதை ரசித்தது.

டச்சுக் கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தப்பியிருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மனிதன் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது என்று நினைத்தார்கள் போலும்.

இரண்டாம் ஞாயிறு என்னுடைய முறை. திருவெண்பாக்கத்தைப் பற்றிப் பேசினேன்.

சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரின் எல்லையைக் கடந்ததால் கண்ணொளி இழந்த சுந்தரர், வடதிருமுல்லைவாயிலை வணங்கித் தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்தார். இறைவனிடம் கண் கேட்டார், கோல் கிடைத்தது. ஊன்றுகோல் கொடுத்ததால் சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்று திருநாமம். கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் நந்தியின் கொம்பில் பட்டு அது ஒடிந்தது என்பது தலத்தின் கதை; ஒற்றைக் கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் தரிசிக்கலாம். இருட்டிலே நடந்த சுந்தரருக்கு அம்பிகை மின்னலாக வழிகாட்டியதால் மின்னொளியம்மை. இதெல்லாம் அன்பர்கள் அறிந்தது.

பலர் அறியாதது, அந்தப் பழைய கோயில் இன்றிருக்கும் இடத்தில் இல்லை என்பது. சென்னை நகரத்தின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டத் தீர்மானித்தார்கள். நகரின் மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி இதற்காகப் போராடினார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1943இல் அவர் மறைந்தார். 1944இல் வேலை முடிந்தது. அவர் பெயராலேயே அது சத்தியமூர்த்தி சாகர் ஆயிற்று. அந்த நீர்ப்பரப்புக்குள் வந்த ஊர்களோடு பாடல்பெற்ற அத்தலமும் அகப்பட்டது. மூர்த்திகளை வெளியே கொண்டுவந்து, பின்னர்ப் பூண்டியில் புதிய கோயில் எழுப்பினார்கள். சென்னையில் குழாயைத் திறந்தவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்!

பேச்சின் நடுவே, படித்தவன் என்ற மிதப்பில், “நந்தியின் கொம்பு, சிலைகளை இடம் மாற்றும்போது ஒடிந்திருக்கவும் கூடும்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். எனக்கு அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பகுத்தறிவோடு பேசுவதாக ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

பின்வரிசையில் தூணோரமாகக் காலை நீட்டி அமர்ந்திருந்த ஒரு பாட்டி கையை உயர்த்தினார். தொண்ணூறைத் தாண்டியவர்.

“தம்பி, நீங்க சொல்றது தப்பு.”

மண்டபம் நிசப்தமாயிற்று.

“நான் பொறந்த ஊரு அந்தப் பக்கம்தான். அஞ்சாறு வயசுல எங்கம்மாகூட பழைய கோயிலுக்குப் போயிருக்கேன். அந்த நந்தி மேல ஏத்தி உட்கார வெச்சாங்க. பிடிச்சுக்க ஒரு கொம்புதான் இருந்துச்சு. ‘இன்னொண்ணு எங்கம்மா’ன்னு நான் கேட்டேன். ‘சாமிகிட்ட கோவிச்சுக்கிட்டு ஒருத்தர் கம்பால அடிச்சுட்டாரு’ன்னு எங்கம்மா சொன்னா. தண்ணி வர்றதுக்கு முன்னாடி நடந்தது தம்பி இது.”

நான் மேடையிலேயே கைகூப்பி, “தவறு என்னுடையதுதான் அம்மா” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? முப்பத்தைந்து ஆண்டுகள் ஆதாரமில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவன், ஆதாரமில்லாமல் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பேசுகிறவர், தாம் சொல்வது புராணமா, கல்வெட்டா, யாராவது கண்ணால் கண்டதா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சொல்லவேண்டும். மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. ஒன்றின் நாற்காலியில் மற்றொன்றை உட்காரவைப்பதுதான் தவறு. நான் செய்தது இன்னும் மோசம். நாலாவதாக என் ஊகத்தையும் கொண்டுவந்து உட்காரவைத்தேன்.

அந்தப் பாட்டி நந்திமீது உட்கார்ந்தது ஏறக்குறைய 1940. பழைய கோயிலைக் கண்ணால் கண்டவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் ஞாயிறு திருவாலங்காடு. ஆடல்வல்லானின் இரத்தின சபை. தலையால் நடந்து வந்த காரைக்கால் அம்மையார் எம்பெருமானின் தூக்கிய திருவடியின்கீழ் என்றும் அமர்ந்திருக்கும் தலம். அங்கே கிடைத்த செப்பேடுகளைப்பற்றி ஓர் இளைஞர் பேசினார். கல்லூரியில் வரலாறு படிப்பவர். முதலாம் இராசேந்திர சோழரின் செப்பேட்டுத் தொகுதி அது. முப்பத்தொரு ஏடுகள், ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, புலியும் மீனும் வில்லும் கொண்ட சோழ முத்திரையோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. ஒரு பகுதி வடமொழி. ஒரு பகுதி தமிழ். தம்முடைய ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 1018இல், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு மகாதேவருக்கு மன்னர் அளித்ததைச் சொல்லும் ஆவணம் அது. வடமொழிப் பகுதி கங்கை, கடாரம் ஆகிய பிற்கால வெற்றிகளையும் பாடுவதால், அது சில ஆண்டுகள் கழித்தே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து.

பழையனூர் என்றதும் சபையில் ஒரு சலசலப்பு. “நீலி ஊரு!” என்றார் ஒருவர். ஆம், நீலிக்கண்ணீர் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்த நீலி அழுத ஊர் அதுதான். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சாதித்து அவள் நியாயம் கேட்டதும், அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் வாக்களித்ததும், இரவில் அவன் மாண்டது கண்டு சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீயில் இறங்கியதும் நாம் கேட்டு வளர்ந்த கதை. ஞானசம்பந்தப் பெருமானின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு. அன்று வந்திருந்த பதினாறு பிள்ளைகளிடம் கேட்டோம். நீலிக்கண்ணீர் என்ற சொல் பதினொருவருக்குத் தெரிந்திருந்தது. அது தங்கள் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வரக்கூடிய தூரத்து ஊர் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கோ அந்தச் செப்பேட்டில் வேறொன்று பிடித்திருந்தது. கொடுத்த ஊரின் எல்லையை எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? ஒரு பெண்யானையை எல்லை நெடுக நடத்திச் சென்று, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். எந்தக் குளம், எந்த வாய்க்கால், எந்த ஊர் வயலுக்கு எந்தத் திசை என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். இளைஞர் அதைச் சொன்னபோது எனக்குப் பழைய கிரயப் பத்திரங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. யானை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம் நான்கெல்லைதான்!

ஆகையால் நாலாம் ஞாயிறு, யாரும் எதிர்பாராத விதமாக, நான் பத்திரங்களைப் பற்றிப் பேசும்படி ஆயிற்று. நான் சில ஆண்டுகள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பணியாற்றியவன். சிப்காட் தொழிற்பேட்டை பெருகிக்கொண்டிருந்த காலம். நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் அடமானம் வைத்தவரும் எங்கள் மேசைக்கு வருவார்கள். தாய்ப்பத்திரத்தைப் புரட்டிப் புரட்டி நான்கெல்லையைப் படிப்பது என் வேலை. ஏரிக்கரைக்கு மேற்கே, கன்னிக்கோயில் பாதைக்கு வடக்கே, களத்துமேட்டுக்குத் தெற்கே, இன்னாருடைய புளியந்தோப்புக்குக் கிழக்கே என்று எழுதியிருக்கும். புதிய பத்திரத்தில் இவையெல்லாம் போய், சர்வே எண்ணும் சதுர அடியும் மட்டும் வரும். சட்டப்படி அது சரிதான், தகராறும் குறையும். ஆனால் ஒவ்வொரு முறை பத்திரம் மாறும்போதும் ஒரு பாதையின் பெயர், ஒரு தோப்பின் பெயர் என்று கழிந்துகொண்டே வந்தது. அப்போது எனக்கு அது தோன்றவேயில்லை. வில்லங்கம் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டேன்.

பேசி முடித்ததும், தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எழுந்தார்.

“சார், எங்க பக்கம் என்ன சார் இருக்கு? வெறும் கம்பெனிதானே. கோயிலு கீயிலுன்னா இந்தப் பக்கம்தானே எல்லாம்.”

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பகுதியிலிருந்து பதில் வந்தது. பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் வீதியில் சந்திப்பதை ஒருவர் சொன்னார். சைவம் வைணவம் என்ற பேச்சே அங்கே எழாது. சிறுவாபுரி முருகனை, தேவதானத்து அரங்கனை, மீஞ்சூர் ஏகாம்பரநாதரை, பெரியபாளையத்து பவானியம்மனை என்று ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொடுத்தார்கள். அந்த இளைஞர் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அவரோடு கூட வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவரும் வந்திருந்தார். தமிழ் தெரியாமல், சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். திருமழிசை ஆழ்வாரின் அவதாரத் தலத்தில் எழுந்தருளியிருப்பவர் ஜகந்நாதப் பெருமாள் என்று ஒரு மாமி சொன்னபோது அந்த ஒரு பெயர் அவர் காதில் விழுந்தது. சட்டென்று எழுந்து, “ஜகந்நாத்? இதர்?” என்றார். புரி க்ஷேத்திரத்து நாதன் பூவிருந்தவல்லிச் சாலையிலும் இருக்கிறான் என்பதை அவருக்கு அரைகுறை இந்தியில் விளக்க மூன்று பேர் போட்டியிட்டோம். மறுவாரம் அவர் திருமழிசைக்குப் போய் வந்த பிரசாதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்தாம் ஞாயிற்றைப்பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

நான் கிளையில் இருந்த காலத்தில் ஓய்வூதியம் வாங்க மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு தமிழாசிரியர் வருவார். திருத்தணிப் பக்கத்துக்காரர். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே நின்றுவிட்டதையும், ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்தையும், திருத்தணி வட்டாரத்தில் தமிழ் கற்பித்து மக்களைத் திரட்டிய மங்கலங்கிழாரையும் அன்பர்கள் அறிவார்கள். இவர் அந்த மங்கலங்கிழாரின் மாணவர்களிடம் பாடம் கேட்டவர். பதின்ம வயதில் போராட்டத்தில் இருந்தவர். ஒருநாள் என் மேசைமுன் உட்கார்ந்து, “சார், அந்த ரயில்ல நானும் போனேன். ஒரு நாள் உங்களுக்குச் சொல்லணும்” என்றார். பின்னால் வரிசை நின்றது. “ஐயா, கூட்டம் குறையட்டும். இன்னொரு நாள் சாவகாசமாகப் பேசுவோம்” என்றேன். இப்படி ஒருமுறையல்ல, பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு அவர் நினைவு வந்து, தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினேன். எண்பத்தாறு வயது. குரல் கணீரென்று இருந்தது. “இப்பவாவது கூட்டம் குறைஞ்சுதா சார்?” என்று சிரித்தார். முதல் வாரமே வரத் தயாராயிருந்தார். நான்தான் ஒரு முறைமைக்காக, பழங்காலத்தில் தொடங்கி வரிசையாக வரட்டும் என்று அவரை ஐந்தாம் ஞாயிறுக்கு வைத்தேன். அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் காலமானார்.

ஞாயிறன்று கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். அவருடைய மகன், பதினோராம் நாள்கூட ஆகாத நிலையில், தாம் மண்டபத்துக்குள் வராமல் வாசலில் நின்று ஒரு காகித உறையைக் கொடுத்தனுப்பினார். பேச்சுக்காக ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பு. தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், நான்கு தாள்கள். எல்லாம் தலைப்புகள் மட்டும். ‘ரயில்.’ ‘அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம்.’ ‘சத்தியவேடு அத்தை.’ ‘அந்தப் போலீஸ்காரர்.’ ‘விகாரி பங்குனி, படியேறியது.’ இப்படிப் பதினேழு.

சிலவற்றை நாங்கள் கூடி ஊகித்தோம். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாக நம் பக்கமிருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. அத்தையின் ஊர் அடுத்த மாநிலமானதைத்தான் அவர் சொல்ல நினைத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பல குடும்பங்களுக்கு இது சொந்தக் கதை. விகாரி பங்குனியையும் கணக்கிட்டோம். முதியவர்கள் ஆண்டைத் தமிழ்ப் பெயரால் சொல்லும்போது ஒரு சிக்கல் உண்டு: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். விகாரி 1959–60ஆகவும் இருக்கலாம், 2019–20ஆகவும் இருக்கலாம். ஆனால் 2020 பங்குனியில் ஊரடங்கு. கோயில்கள் நடை சாத்தியிருந்தன. எனவே இது 1960தான். திருத்தணி சேர்ந்த செய்தி கேட்டு, அந்தப் பிள்ளை முருகனின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி நன்றி சொல்லியிருக்கிறான்.

அந்தப் போலீஸ்காரர் யார்? அடித்தவரா, அடிக்காமல் விட்டவரா, தண்ணீர் கொடுத்தவரா? மகனுக்கும் தெரியவில்லை. “அப்பா அதை மேடையிலதான் சொல்வேன்னுட்டாரு” என்றார். கூட்டம் குறையட்டும் என்று நான் சொன்ன நாட்களில் ஏதேனும் ஒரு நாள் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாம் ஞாயிறு பேச்சாளர் என்று யாரும் இல்லை. வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். அன்று எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். நாற்காலி போதாமல் ஜமக்காளம் விரித்தோம். அறங்காவலரும் பேசினார். சாயரட்சை மணி அடித்தபின்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் நிபந்தனையை அவருக்கு நினைவூட்டும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

இவ்வாண்டும் ஆடியில் தொடங்குகிறோம். பட்டியல் போட உட்கார்ந்தபோது, காலவரிசை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். பேசுகிறவர்களின் வயது வரிசைப்படி எழுதினோம். மூத்தவருக்கு முதல் வாரம். அதன்படி முதல் ஞாயிறு, நந்திமீது உட்கார்ந்த பாட்டிக்கு. இப்போது அவருக்கு மண்டபத்தின் மூன்று படி ஏற முடியவில்லை. ஆகவே ஆடி பிறக்கும்வரை காத்திராமல், போன வெள்ளிக்கிழமையே நானும் அந்தக் கல்லூரி இளைஞரும் அவர் வீட்டுக்குப் போனோம். இளைஞர் கைப்பேசியை ஒலிப்பதிவுக்குத் திருப்பி, பாட்டியின் அருகே ஒரு சொம்பில் சாய்த்து வைத்தார். பாட்டி அதை உற்றுப் பார்த்தார்.

“இது ஓடுதா தம்பி?”

“ஓடுது பாட்டி. சொல்லுங்க.”

“மொதல்ல காபி குடிங்க. அப்புறம் எங்கம்மா வண்டி கட்டினதுலேருந்து சொல்றேன்.”